நானூறு பக்க நாவலுக்கு ஒரு பூட்டு

கோடை விடுமுறை முடிவதற்குள் செஞ்சிக் கோட்டையை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுதியே தீருவது என்று தமிழாசிரியர் அரங்கநாதன் சபதம் செய்தார். மனைவி அன்புக்கரசியின் காதில் நன்றாக விழும்படி செய்தார். காரணம் கோட்டை அல்ல, மல்லாட்டை.

தொண்டூரில் மாமியாருக்கு நிலம் உண்டு. சித்திரையில் மல்லாட்டை பிடுங்க வேண்டும். நிலக்கடலை என்று புத்தகத்தில் எழுதினால் லேசாகத்தான் இருக்கும். வெயிலில் குனிந்து செடி செடியாகப் பிடுங்கி, காய் காயாக ஆய்ந்து பார்த்தால்தான் அது மல்லாட்டை என்று இடுப்புக்குப் புரியும். போன வருஷம் மாப்பிள்ளை முறுக்கோடு போனவர், கேள்விக்குறியாகத் திரும்பி வந்தார்.

“எழுதுங்களேன்” என்றாள் அன்புக்கரசி. இ-சேவை மையத்தில் நாள் பூராவும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள். “கூலிக்கு ஆளே கெடைக்கல, அம்மா போன் மேல போன் போடுது. இருந்தாலும் எழுத்துன்னா சும்மாவா? ஒண்ணு மட்டும். சாயங்காலம் நான் வந்ததும் எத்தன பக்கம் ஆச்சின்னு காட்டணும். பக்கம் ஏறலன்னா மறுநாளே தொண்டூர் பஸ்ஸு.”

“சரி. ஆனா முடியறவரைக்கும் யாரும் படிக்கக் கூடாது.”

“எனக்கு எங்கங்க நேரம்?”

முதல் நாள் ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எதிரே கோட்டை நிற்கும் ராஜகிரி. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். பஸ் பிடிக்கும் அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? அன்று பார்த்தார். பாறை மேல் பாறையாக யாரோ அள்ளிக் கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி கிடந்தது. அதன் உச்சிக்குக் கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்துபோன மனிதர்களை நினைத்தார். மயிர்க்கூச்செறிந்தது. கை தானாக ஓடியது. மூன்று பக்கம். உண்மையாகவே நல்ல மூன்று பக்கம்.

நாலாவது பக்கம் வரவில்லை. பிரமித்து நின்றவனுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? தூக்கம்தான் வந்தது. கண் விழித்தபோது வாசலில் செருப்புச் சத்தம். அரங்கநாதன் அலறியடித்து எழுந்து, எழுதிய மூன்று பக்கத்தையும் நகலெடுத்து அதன் கீழேயே ஒட்டினார். மறுபடி மறுபடி ஒட்டினார். சக்கரத்துக்கு அடுத்தபடி மனுஷன் கண்டுபிடித்த பெரிய விஷயம் இதுதான் என்று அவருக்குப் பட்டது.

“அடேங்கப்பா, மொத நாளே பதினஞ்சி பக்கமா?” என்று அன்புக்கரசி திரையின் மூலையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் காப்பி போடப் போனாள்.

அதன்பிறகு நாவல் வெயிலை விட வேகமாக ஏறியது. கூடவே பயமும் ஏறியது. என்றைக்காவது அவள் திறந்து படித்துவிட்டால்? அரங்கநாதன் பஜாருக்குப் போய், கம்ப்யூட்டர் கடை உமர் பாரூக்கிடம் விஷயத்தைப் பட்டும் படாமலும் சொன்னார்.

“இவ்ளோதானா சார்? வெறும் டெக்ஸ்டா சேவ் பண்ணி ஜிப் போட்டுச் சுருக்கிருங்க. பாஸ்வேர்டும் குடுத்துட்டா பூட்டு, கட்டு ரெண்டும் ஒண்ணா ஆயிடும்.”

பாரூக் செய்து காட்டினார். பென் டிரைவில் கொண்டுபோன முந்நூறு பக்கம் கண்ணெதிரே கடுகாகிவிட்டது. அரங்கநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“மீதி எல்லாம் எங்க பாரூக் போச்சு?”

“எங்கயும் போவல சார். திரும்பத் திரும்ப வர்றத ஒரு வாட்டிதான் வெச்சிக்கும். மத்ததுக்கெல்லாம் ‘மேல சொன்னதேதான்’னு ஒரு குறிப்பு. விரிச்சா ஓர் எழுத்து கொறையாது.”

“பாஸ்வேர்ட் இல்லாம?”

“நீங்களே மறந்துட்டாக்கூட உள்ள போவ முடியாது சார்.”

செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைச் சுவரும் அகழியும் சேர்ந்தால்கூட இப்படி ஒரு காவல் கிடையாதே என்று அரங்கநாதன் வியந்தார். வழியெல்லாம் வியந்துகொண்டே வந்ததில் வாங்கச் சொன்ன கொத்துமல்லியை மறந்தார். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதுகூட அன்று உறைக்கவில்லை. அன்றிலிருந்து எண்ணைக் காட்டுவதும் உடனே பூட்டுவதுமாக, ராஜாவைப் போலத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அன்புக்கரசி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டாள்.

“இன்னாங்க, இங்க வாங்க. கம்ப்யூட்டர் கெட்டுப்போனா எழுதனது எல்லாம் போயிடுமேன்னு பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்தேன்.”

அரங்கநாதன் சிரித்தார். “எடுத்துக்க. பூட்டு இருக்குது.”

“இருக்குது. நல்ல பூட்டு. நான் தொடக்கூட இல்ல. ஆனா பூட்டுக்கு வெளியவே ரெண்டு கணக்குக் காட்டுதே, அத நீங்க பாக்கலையா? இது சுருக்கறதுக்கு முன்னால இருந்த அளவு. இது சுருக்கனதுக்கு அப்புறம்.”

“ஆமா. யானையப் பூனையாக்கிடும். பெரிய விஞ்ஞானம்.”

“தெனம் இதத்தானே நான் ஆபீஸ்ல பண்றேன். எங்க மகளிர் குழு தீர்மானம் நாப்பது பக்கம். அத இதே மாதிரி சுருக்கிப் பாத்தேன். எவ்ளோ அமுக்கனாலும் பத்துப் பக்கத்து அளவுக்குக் கீழ கொறைய மாட்டேங்குது. உங்க நானூறு பக்கம் மூணு பக்கத்துக்குக்கூடத் தேறலயே. அப்படி இன்னா எழுதி இருக்கீங்க?”

அரங்கநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வகுப்பில் எத்தனை கேள்வியைச் சமாளித்தவர்.

“அது வந்து அன்பு, இலக்கியம்னா செறிவு. தமிழோட அடர்த்தி அப்படி. அதான் சின்னதாத் தெரியுது.”

“அடர்த்தியா இருந்தா சுருங்காதுங்க” என்றாள் அவள் பொறுமையாக. “மல்லாட்டையில பருப்பு இருந்தா அமுக்குனா நசுங்குமா? பொக்குதான் நசுங்கும். அத உடைச்சிப் பாக்கணும்னு இல்ல, ரெண்டு விரல்ல புடிச்சாலே தெரிஞ்சிடும்.”

அரங்கநாதனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது மலைப்பு. சாவி இல்லை, கன்னக்கோல் இல்லை, கதவில் கைகூட வைக்கவில்லை. வெளியே நின்றபடியே உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டாளே. இந்தக் கோட்டையை முற்றுகையிட்டவர்களில் ஒருத்தருக்காவது இந்த வித்தை தெரிந்திருந்தால் சரித்திரமே வேறு மாதிரி போயிருக்கும். இப்பேர்ப்பட்டவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு மனசு நெகிழ்ந்தது.

“மூணு பக்கம்தான்” என்றார். “மீதி எல்லாம் அதேதான்.”

“அந்த மூணையாவது படிங்களேன். கேக்குறேன்.”

அவர் பாஸ்வேர்டை அடிக்கும்போது அவள் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரங்கநாதன் தயங்கித் தயங்கித் தொடங்கினார். போகப் போகக் குரல் ஏறியது. பாறைகள் எழுந்தன, சுண்ணாம்புக் கூடைகள் மேலே போயின, பெயர் தெரியாத ஒரு கொத்தன் உச்சியில் நின்று கீழே தன் ஊர் எங்கே என்று தேடினான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அன்புக்கரசி எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மலை மேல் கடைசி வெயில்.

“நானும் தெனம் பாக்குறேன், இப்படிப் பாத்ததே இல்லங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை. “அந்தக் கொத்தன் ஊரத் தேடற எடம் என்னமோ பண்ணுது. நெஜமாவே நீங்க எழுதனதா?”

கல்யாணமாகி இப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதில்லை. நெஞ்சு பூரித்து, சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது. நாலாவது பக்கம் இப்போது வந்துவிடும் போலிருந்தது. ஐந்தாவதும்கூட. “இனிமே பாரு அன்பு, நாளையிலேர்ந்து நெஜமா எழுதுறேன். ஒரு நாளைக்கிப் பத்துப் பக்கம்.”

“வேணாங்க. இதுக்கு மேல ஒரு வார்த்த சேத்தாலும் கெட்டுடும்” என்றாள் அன்புக்கரசி.

பிறகு அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மூன்றாம் பக்கத்தின் அடியில் ‘முற்றும்’ என்று அவளே அடித்தாள்.

“அப்பாடா, நாவல் முடிஞ்சிடுச்சி. காலையில ஆறரைக்குத் தொண்டூர் பஸ்ஸு.”