லலோ மாஸ்டர் தூக்கத்தில் சொன்னது

மேனேஜர் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். அதையும் உங்கள் ஓட்டல் முற்றத்தில், பரிமாறுகிறவர்கள், டிரைவர்கள், கைடுகள் எல்லோரும் நிற்கும்போது சத்தமாகச் சொன்னீர்கள். "அப்படி ஒரு மொழியே உலகத்துல கெடையாது" என்றீர்கள். மறுநாளே காரைக்குடியில் பாதிப் பேர் அதை நம்பிவிட்டார்கள். ஓட்டல் பெயரை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். அது போதும்.

படிக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். சிவகங்கை மாவட்டத்திலேயே லலோ மொழியில் கனவு காணும் ஒரே ஆள் எங்கள் லாட்ஜில், பதினோராம் நம்பர் அறையில் இருக்கிறார். ஒக்கூர்க்காரர். யோகா சொல்லிக்கொடுப்பவர். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை. லலோ மாஸ்டர், அவ்வளவுதான். நான் பத்தாம் நம்பர், பிளெக்ஸ் போர்டு அடிக்கிறவன். நடுவில் பலகைத் தடுப்பு. அவர் கனவு கண்டால் எனக்குக் கேட்கும்.

சீனாவில் யுன்னான் பக்கம் ஒரு சின்ன நகரத்தில் அவர் ஆறு வருஷம் யோகா வகுப்பு எடுத்தார். வாடகை குறைவு என்று மலை மேல் ஒரு கிராமத்தில் குடியிருந்தார். வீட்டுக்காரர் யீ என்ற மலையினத்தவர், வால்நட் மரங்கள் வைத்திருந்தவர், ஒண்டிக்கட்டை. அவருக்குச் சீனமே அரைகுறை. பேசுவதெல்லாம் லலோ. வேறு வழியில்லாமல் மாஸ்டருக்கும் லலோ வந்துவிட்டது. லீவில் ஊருக்கு வந்த நேரம் கொரோனா வந்தது. விமானம் நின்றது, வேலை போனது. அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளும் ஆப்பையும் இங்கே தடை செய்துவிட்டார்கள். வெளிநாட்டுக்குக் கூப்பிடக் காசில்லாமல், வீட்டுக்காரரின் போன் நம்பர் லாட்ஜ் அறை அலமாரிக் கதவின் உட்பக்கம் வெறும் எழுத்தாக நின்றது.

வந்தவர் சும்மா இருந்தாரா? மண் குடுவையில் தேயிலையைக் கருக வறுத்து, அதில் கொதிநீரை ஊற்றுவார். லாட்ஜ் முழுக்கப் புகை. நான் போன் செய்து தீயணைப்பு வண்டி இரண்டு முறை வந்தது. இரண்டாம் முறை வந்தவர்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போனார்கள். தெருவில் ஆடு நின்றால் ஆட்டிடம் லலோ பேசுவார். ஆடு இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரிடம்.

"ஏன் மாஸ்டர் இந்த வேலை?"

"பேசாம விட்டா வாயில இருந்து போயிரும்ணே."

"அந்த மலையில எல்லாரும் இதத்தான் பேசுவாகளா?"

"இல்லண்ணே. மலைக்கு இங்குட்டு ஒரு பேச்சு, அங்குட்டு எறங்குனா வேற பேச்சு. எல்லாம் யீ சனந்தான். ஆனா ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குப் புரியாது."

"அப்ப அரியக்குடிக்காரன் பேசுனா அமராவதிபுதூர்க்காரன் முழிப்பான்?"

"அதேதான்."

"வெளங்கிரும். பொண்ணு எப்படிய்யா எடுப்பாக?"

"பாட்டுப் பாடித்தான்."

சாயங்காலம் மொட்டைமாடியில் அவர் தனியாகப் பேசுவதைக் கேட்க வேண்டும். தொண்டையை இறுக்கி ஒரு சொல், தளரவிட்டு ஒரு சொல். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் கேட்கக் கேட்க, எதிரே வரிசையாகத் தெரியும் ஓட்டுக்கூரைகள் மெல்ல எழும்பி மலையாகும். வெயிலில் வெந்த தரை ஈரமாகும். எங்கோ மணி கட்டிய மாடு இறங்கி வரும். நான் குடிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வருமானம் உங்கள் ஓட்டலில் காலையில் எடுத்த யோகா வகுப்பு மட்டும்தான். அதற்கும் வேட்டு வைத்தது அந்தச் சீனச் சுற்றுலாக் குழு.

"மாஸ்டர், நீங்க இருக்கீக, எனக்கென்ன கவலை? நான் பேசப் பேச அவகளுக்குச் சீனத்துல சொல்லிருங்க" என்றீர்கள்.

"சார், எனக்குச் சீனம் வராது. வகுப்புல மொழிபெயர்க்க ஆள் இருந்துச்சு. எனக்கு லலோதான்."

"எல்லாம் ஒண்ணுதான்யா! வாய்யா!"

அன்று நான் போர்டு கட்ட வந்து அங்கேயே நின்றிருந்தேன். முற்றத்தில் வாழை இலை முன்னால் நாற்பது பேர். நீங்கள் "செட்டிநாட்டுக்கு வருக வருக" என்றீர்கள். மாஸ்டருக்குத் தெரிந்த சீனம் இரண்டே வாக்கியம். முதல் வாக்கியத்தைச் சொன்னார். நாற்பது பேரும் மூச்சை இழுத்தார்கள். நீங்கள் பணியாரத்தின் பெருமையைச் சொன்னீர்கள். அவர் இரண்டாவதைச் சொன்னார். நாற்பது பேரும் மூச்சை விட்டார்கள். "ஆகா, எப்படி உருகுறாக பாருங்க!" என்று நீங்கள் பூரித்தீர்கள். அதற்கு மேல் சீனம் இல்லை. மாஸ்டர் லலோவில் இறங்கினார். எல்லோரும் முழித்தார்கள். ஒருவர் போனில் தட்டித் தமிழில் காட்டினார்: 'இவர் பேசுவது எந்த மொழி?' அப்போதுதான் நீங்கள் அந்தப் பொய்யைச் சொன்னீர்கள். மறுநாள் வகுப்பும் போனது.

சில மாதம் கழித்து, சிச்சுவானிலிருந்து ஒரு பெண் தனியாக வந்து உங்கள் ஓட்டலில் தங்கினார். அவரும் யீ. சோதித்துப் பார்க்க நீங்களே ஆள் அனுப்பி மாஸ்டரை வரவழைத்தீர்கள். அவர் பேசினார். அந்தப் பெண் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எங்கள் பேச்சுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் புரியவில்லை" என்று இங்கிலீஷில் சொன்னாராம். உங்கள் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது. "யீ ஆளுக்கே புரியலையாம்! டூப்பு மாஸ்டர்!" என்று சிரித்தீர்கள்.

அன்றோடு மாஸ்டர் லலோ பேசுவதை நிறுத்திவிட்டார். ஆட்டிடம்கூடத் தமிழ்தான். குடுவை கவிழ்ந்து கிடந்தது. "ஒருவேள நானாத்தான் கற்பன பண்ணிக்கிட்டேனாண்ணே?" என்று என்னிடமே கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அடித்த போர்டில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் இல்லை. காற்று இல்லை. ஊரே கண் சொருகிக் கிடந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் தூக்கத்தில் பேச ஆரம்பித்தார். லலோ! வேகமாக, பதறி, யாரையோ கூப்பிட்டு. தூங்குகிறவன் டூப்பு விடுவானா சார்? போனைப் பலகையில் அழுத்திப் பதிவு செய்தேன். அலமாரிக் கதவில் இருந்த நம்பரையும் எழுதிக்கொண்டு, இன்னும் உங்கள் ஓட்டலில் தங்கியிருந்த அந்தப் பெண்ணிடம் ஓடினேன். "மை பிரெண்ட். ஸ்லீப் டாக். திஸ் மேன் நோ மீனிங் பிளீஸ்" என்று நம்பரைக் காட்டினேன். என் இங்கிலீஷ் அவ்வளவுதான். அவருக்குப் புரிந்தது.

ஊர் திரும்பிய அந்தப் பெண் மூன்று வாரம் கழித்து மெயிலில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். மாஸ்டரைக் கட்டிலில் உட்காரவைத்துப் போட்டேன். கரகரத்த கிழட்டுக் குரல். நாலே நாலு சொல். மாஸ்டர் மறுபடியும் போடச் சொன்னார்.

"யாருய்யா?"

"வீட்டுக்காரர்."

"நீங்க தூக்கத்துல என்ன சொன்னீக?"

நான் எடுத்த பதிவையும் போடச் சொல்லிக் கேட்டார். "மழ வருது, முத்தத்துல காயுற வால்நட்ட எடுங்கன்னு சொல்லிருக்கேன்."

"அதுக்கு அவரு?"

"எடுத்தாச்சு. நீ தூங்கு."

வெளியே காரைக்குடி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். சாயங்காலம் எழுந்து குடுவையை நிமிர்த்தினார். புகை வந்தது. நான் யாருக்கும் போன் செய்யவில்லை.

இதை உங்களிடமும் போட்டுக் காட்டினேன். "போன்ல யாரு வேணாலும் எதையும் பேசலாம்ல?" என்றீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். யுன்னான் மலையில் இருக்கும் கிழவருக்குப் புரிந்தது பொய்யா, நீங்கள் சொன்னது பொய்யா? அதே முற்றத்தில், அதே ஆட்கள் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள். அன்று சொன்ன அதே சத்தத்தில் சொல்லுங்கள். ஆனால் மத்தியானம் வேண்டாம். மாஸ்டர் தூங்கும் நேரம்.