ஆரஞ்சுத் தோல் போட்ட சாம்பிள்

மதிப்பிற்குரிய வேலாமணி அண்ணி அவர்களுக்கு,

இத்தலாரிலிருந்து உங்கள் தம்பி மனைவி ரேணுகா பணிவுடன் எழுதுவது. நீங்கள், அண்ணன், புது வாஷிங் மிஷின் எல்லோரும் கோயமுத்தூரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதமும் புத்தகமும் வந்து இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்கு மழை காரணம் என்று எழுதலாமென்றுதான் இருந்தேன். மழையும் பாவம், எத்தனை பழியைத்தான் தாங்கும்? உண்மையைச் சொன்னால், பயமாக இருந்தது.

பயம் எதற்கு என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் பூத்திலிருந்து போன் போட்டபோது நீங்கள் ஆசையாக, “சாமி, சாப்டியா?” என்று கேட்க, தாரிணி பெருமூச்சு விட்டு, “இந்த வாரமும் ஏலத்துல போகலைங்க அத்தை” என்றாள். நாலு வயசுக் குழந்தை பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் அங்கே கண்ணைத் துடைத்தீர்களாம். என்ன செய்வது அண்ணி, தேயிலை விலை விழுந்ததிலிருந்து இந்த வீட்டில் அவள் காதில் விழுகிற பேச்சு அது ஒன்றுதான். உங்கள் தம்பி ஃபேக்டரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே “லாட் போகலை” என்பார். குன்னூர் ஏலத்துக்குக் கட்டிவைத்த தூள்தான் லாட், அதை யாரும் கேட்காவிட்டால் அப்படி. கேட்ட விலை பிடிக்காமல் நாமே திருப்பி எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வாபஸ். மற்ற குழந்தைகள் அணில், ஆடு என்று படிக்கிற வயதில் இவள் லாட், வாபஸ் என்று படித்துவிட்டாள். “குழந்தை சிரிச்சுப் பல நாளாச்சு. இந்தப் புத்தகத்தைப் பார்த்து ஒரு மாசம் வளர்த்துப் பாரு. அப்பவும் இப்படியே இருந்தா, வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயி இங்கயே ஸ்கூல்ல சேர்த்துடறேன்” என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஞாயிறு இதோ வந்துவிட்டது.

புத்தகம் நல்ல புத்தகம்தான். தினமும் ஒரு நிறம், கைவேலை, பருவங்களைக் கொண்டாடு, ஊர் சுற்றிக் காட்டு என்கிறது. எழுதிய அம்மாள் ஒருநாளும் மலை ஏறியிருக்க மாட்டார். பருவம் நான்கையும் வரையச் சொல் என்று இருக்கிறது, சொன்னேன். மழை, மூடுபனி, மூடுபனியில் மழை என்று மூன்று தாளிலும் சிலேட்டுக்குச்சியால் சாம்பல் நிறமாகத் தேய்த்துவிட்டு, நாலாவதில் ஒரு காரை வரைந்தாள். “இது என்ன கண்ணு?” என்றால், “சீசனுங்க அம்மா. கோயமுத்தூர்க்காரங்க வர்றாங்க” என்கிறாள். தப்பு என்று சொல்ல என் பி.எஸ்சி. தாவரவியலில் இடமில்லை. அடுத்து காய்கறி அச்சு. தோட்டத்துக் கேரட்டைப் பூ மாதிரி வெட்டி, மஞ்சளும் குங்குமமும் குழைத்து வைத்தேன். ஒரு பூ தாளில் விழுந்தது, இரண்டு பூ உங்கள் தம்பியின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது, மீதி அச்சையெல்லாம் குங்குமத்தோடு தின்றுவிட்டாள். மறுநாள் காலை நான் பதறிய பதற்றத்தை எழுதாமல் விடுகிறேன்.

சரி, ஊர் சுற்றலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்டி போய் பஸ் மாறி நடுவட்டம் போனோம். பள்ளத்தாக்கு தெரியும் என்றார்கள். தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற மாடே தெரியவில்லை, இடித்த பிறகுதான் தெரிந்தது. நனைந்துபோய் லோயிஸ் என்பவர் நடத்தும் டீக்கடையில் ஒதுங்கினோம். அங்கேதான் உங்கள் மருமகள் மானத்தை வாங்கினாள். ஃபேக்டரியில் அப்பா ருசி பார்ப்பதைப் பார்த்துப் பழகியவள் அல்லவா? டம்ளரை வாங்கி முதலில் மோந்தாள், அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள், வாயில் உருட்டினாள், நேராகக் கடை வாசலில் துப்பினாள். துப்பிவிட்டு, “திடமில்லைங்க. இது போகாதுங்க” என்று தீர்ப்பு. கடையில் இருந்த பத்துப் பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். லோயிஸ் என்னைப் பார்த்து, “ஏனுங்க, புள்ளையக் கூட்டிட்டு வந்தீங்களா, ஆபீசரைக் கூட்டிட்டு வந்தீங்களா?” என்றார். நான் சிரித்துவிட்டேன் அண்ணி. அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது வேலை.

இனித்தான் பெரிய கதை. புத்தகத்தில் நாற்பதாம் பக்கம், மணப்பொட்டலம். காய்ந்த பூ, ஆரஞ்சுத் தோல், வாசனை இலை எல்லாம் கலந்து கட்டி வேண்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். நம் வீட்டு மேசையில் எப்போதும் இரண்டு விதத் தேயிலைப் பொட்டலம் இருக்கும். ஒன்று ரோஜாச் செடிக்கு உரமாகப் போட உங்கள் தம்பி கொண்டுவரும் கழிவுத் தூள். இன்னொன்று ஏலத்துக்கு முன்னால் குன்னூருக்கு ருசி பார்க்க அனுப்பும் சாம்பிள். சாம்பிளில் சிவப்பு லேபிள் ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம். இந்த மாதம் சிக்கனம் என்று முதலாளி குமாரசாமி லேபிளை நிறுத்திவிட்டதை என்னிடம் யார் சொன்னார்கள்? லேபிள் இல்லையே, கழிவுத் தூள்தான் என்று நானும் தாரிணியும் எட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, ரோஜா இதழ், ஆரஞ்சுத் தோல், யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்து இலை எல்லாம் நொறுக்கிப் போட்டு, பழையபடி அழகாக ஒட்டி வைத்தோம். காலையில் உங்கள் தம்பி அதைப் பையில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். சாயங்காலம் வந்து, “ஏம்புள்ள, செடிக்கு வெச்ச தூளு அப்படியே இருக்குது?” என்று கேட்டபோதுதான் பஸ் ஏறிப் போனது எங்கள் மணப்பொட்டலம் என்று புரிந்தது.

குன்னூரிலிருந்து முதலாளிக்குப் போன். “நாங்க டீ கேட்டோமுங்க, நீங்க இருமல் மருந்து அனுப்பியிருக்கறீங்க.” பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் பொன்னாயி, சிலோனிலிருந்து வந்தவர், மிஞ்சிய தூளைக் கொதிக்க வைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, “இது தேத்தண்ணி இல்லம்மா, ஆனா நெஞ்சுச் சளிக்குக் கேக்குது” என்று சான்றிதழ் கொடுத்தார். லாட் போகவில்லை. எப்படியும் போயிருக்காது, ஆறு வாரமாகப் போகவில்லை. இந்த வாரம்தான் ஒரு காரணத்தோடு போகவில்லை. ஆனால் முதலாளி உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றுவிட்டார். உங்கள் தம்பி வீட்டுக்கு வந்து, செடிக்கு வைத்த தூளை எடுத்துப்போய் ரோஜாவுக்குப் போட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஆகவே அண்ணி, தோற்றுவிட்டேன். பிள்ளைக்கு நிறம் காட்டப் போய் அவள் அப்பன் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தவள் நான். நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஸ்வெட்டரெல்லாம் பெட்டியில் அடுக்கியாயிற்று. இரவில் இடது பக்கம் திரும்பித்தான் படுப்பாள். பால் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள். அண்ணனுக்கு என் வணக்கம். வாஷிங் மிஷினில் குங்குமக் கறை போகுமா என்று கேட்டுச் சொல்லவும்.

என்றும் உங்கள் சொல் கேட்கும்,
ரேணுகா

பி.கு.: அண்ணி, வர வேண்டாம். மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம், படித்திருந்தால் மறந்துவிடவும். நேற்று எழுதி ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை எழுந்து பார்த்தால், தாரிணி பெட்டியில் அடுக்கியதையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பி ஏலம் நடத்திக்கொண்டிருக்கிறாள். பொன்னாயி பேரிக்காய்களை மடியில் கட்டிக்கொண்டு கேட்கிறார். சிவப்பு ஸ்வெட்டர் ஒரு பேரிக்காய்க்குப் போனது. என் பி.எஸ்சி. சர்டிபிகேட் போகவில்லை. கடைசியில் அவளே மேசை மேல் ஏறி நின்று, “தாரிணி லாட்டுங்க!” என்றாள். பொன்னாயி, “இந்தப் பிள்ளைக்கு ரெண்டு காய்” என்றார். முகத்தில் சோப்பு நுரையோடு உங்கள் தம்பி ஓடிவந்து, “மூணு!” என்றார். “கோயமுத்தூர் அத்தை எவ்வளவு கேக்கறாங்க?” என்று என்னைப் பார்த்தாள். நான், “பெரிய ஸ்கூலு, புது கவுனு, தினம் ஐஸ்கிரீம்” என்று உள்ளதைச் சொன்னேன். பொன்னாயி குடித்துக்கொண்டிருந்த டீயை வாங்கி ஒரு உறிஞ்சு, வாயில் ஒரு உருட்டு. அப்பா சட்டையிலேயே துப்பினாள். “விலை பத்தாதுங்க. வாபஸ்!” என்று குதித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் மூக்கு வழியாகவும் டீ வந்தது. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வருவதாக இருந்தால் விருந்தாளியாக வாருங்கள். போகும்போது பேரிக்காய் கொடுத்தனுப்புகிறேன்.