மாமியும் தேசிக்காயும் சூனியக்காரிகளின் ஊரும்

எங்கள் ஆக்களில் இரண்டு பேர் தனியாகப் பயணம் போகவேண்டும் என்றால் அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு போவது. கனடாவில், ஸ்காபரோவில் பிறந்த என் மனைவி சிந்துவுக்கு இது தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத்தான் தெரியவில்லை.

கலியாணம் முடிந்து வந்த முதல் ஹலோவீன் (பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் நாள்) அது. அப்போது நாங்கள் அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தோம். நான் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாமான் ஏற்றும் இடத்தில் வேலை செய்தேன். (சொந்தக்காரரிடம் 'எயார்போட்டில் வேலை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.) சிந்து என்னிடம் நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. ஹலோவீனுக்குச் சேலம் போகவேண்டும் என்றாள். (தமிழ்நாட்டுச் சேலம் இல்லை. அமெரிக்காவில், பொஸ்டனுக்குப் பக்கத்தில், சூனியக்காரிகளால் பெயர்பெற்ற சேலம்.) பள்ளிக்கூடத்தில் அந்த ஊரைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அவளுக்கு அந்த ஆசை இருந்திருக்கிறது.

"நீங்களும் நானும் மட்டும். வேற ஒராளும் வரக்கூடாது. ப்ரொமிஸ்?"

"ப்ரொமிஸ்" என்றேன்.

அவள் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. கலியாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஓர் இடத்துக்கும் போனதில்லை. நயாகராவுக்குப் போன தேனிலவுக்குக்கூட, கலியாணத்துக்கு லண்டனிலிருந்து வந்த கூட்டம் 'நாங்களும் நீர்வீழ்ச்சி பாக்கேல்லை' என்று சேர்ந்து வந்தது. எங்கள் தேனிலவுப் படங்களில் எங்களைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும்.

ஆகவே இந்தப் பயணத்தை ஒரு போர்த் திட்டம் போலத் தீட்டினேன். ஹலோவீன் காலத்தில் அந்த ஊரில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. யாரோ கைவிட்ட ஒரு சின்ன அறையைக் கணினிக்கு முன்னால் தவமிருந்து பிடித்தேன். சிந்து உடுப்புகள் தைத்தாள். அவள் சூனியக்காரி, நான் அவளுடைய கறுப்புப் பூனை. வாலை இடுப்பில் கட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது எனக்குள் இருந்த யாழ்ப்பாணத்தான் விழித்துக்கொண்டான். நாடு விட்டு நாடு போகிறோம், ஒருத்தருக்கும் பயணம் சொல்லாமல் போவதா? எங்கள் ஊரில் கொழும்புக்குப் போவதென்றால்கூட நாலு வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, 'போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். சொல்லாமல் போனால் வழியில் தடங்கல் வரும் என்பது நம்பிக்கை. ஒரே ஒரு ஆளுக்குச் சொன்னால் போதும் என்று நினைத்து, ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் என் அக்காவுக்கு போன் எடுத்தேன்.

"மாமிக்குச் சொன்னனியோ?" என்றாள் அக்கா, முதல் கேள்வியாக.

"இல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"ஐயோ! பொம்பிளை பகுதிக்குச் சொல்லாமல் எனக்குச் சொன்னதெண்டு தெரிஞ்சா அவ என்ன நினைப்பா? உடன போய்ச் சொல்லிப்போட்டு வா."

போனேன். மாமியும் மாமாவும், அதாவது சிந்துவின் அம்மாவும் அப்பாவும், பக்கத்துத் தெருவில்தான் இருந்தார்கள். மாமி கந்தசஷ்டி விரதம். நெற்றி நிறைய விபூதியோடு பால் மட்டும் குடித்துக்கொண்டிருந்தா. நான் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, இணையத்தில் அரைகுறையாக வாசித்ததை எல்லாம் அள்ளிவிட்டேன்.

"என்ன ஊர் தம்பி உது?"

"அது மாமி, முந்தி சூனியக்காரியள் இருந்த ஊர். எல்லாரையும் பிடிச்சுத் தூக்கில போட்டவை. இப்பவும் அந்த ஆவியள் உலாவுதாம். ஹலோவீனுக்கு உலகம் முழுக்க இருந்து சனம் வரும்."

சும்மா வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். மாமியைக் கொஞ்சம் மலைக்க வைப்போம் என்ற ஆசை. மாமி மலைக்கவில்லை, எழுந்து சாமியறைக்குப் போய்விட்டா. திரும்பி வந்தபோது முடிவோடுதான் வந்தா.

"புதுசாக் கலியாணம் கட்டின பிள்ளையளைத் தனிய உப்பிடியான இடத்துக்கு விடேலாது. நானும் வாறன். விரத காலம் எண்டதும் நல்லதுக்குத்தான். முருகன் இருக்கேக்க ஒண்டும் அண்டாது."

மாமி தனியாக எங்கேயும் போவதில்லை, ஆகவே மாமாவும் வந்தார். நாலு பேர் என்றதும் என்னுடைய பழைய கார் தாங்காது என்று அக்காவின் கணவர், அத்தான், தன் வானைத் தந்தார். வானோடு தன்னையும் தந்தார். அத்தான் வந்தால் அக்கா வராமல் இருப்பாளா?

"ஒரு அறைதான் இருக்கு அத்தான்" என்றேன், கடைசி முயற்சியாக.

"அதுக்கென்ன மச்சான்? நாங்கள் சண்டை நேரம் பங்கருக்குள்ள படுத்த ஆக்கள். நிலத்தில ஒரு பாயைப் போட்டாக் காணும்."

சிந்துவுக்குச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. தொப்பியின் நுனியைத் தைத்துக்கொண்டே, "யூ ப்ரொமிஸ்ட்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அதுவே காணும். அங்கே போனதும் எப்படியாவது ஒரு பின்னேரமாவது இவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போவேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்தேன். (என் சத்தியங்களின் தரம் அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.)

வெளிக்கிட்ட அன்று காலை மாமி ஒரு பையோடு வந்தா. கோயிலில் முருகனுடைய காலடியில் வைத்துப் பூசை செய்து, குங்குமம் தடவிய தேசிக்காய்கள், அதாவது எலுமிச்சங்காய்கள். வான் வெளிக்கிடும்போது ஒவ்வொரு ரயரின் கீழும் ஒன்று வைத்து நசித்தோம். மிச்சம் சேலம் எல்லையில் நிறுத்தி, இன்னொருமுறை நசிக்கிறதுக்கு. அக்கா மாமியின் விரதத்துக்கு மரியாதை கொடுத்து மரக்கறி றோல்ஸ் பொரித்து வந்திருந்தாள். இறைச்சி றோல்ஸ் இல்லாத துக்கத்திலேயே அத்தான் ஹமில்டன் வரைக்கும் வான் ஓட்டினார்.

நயாகராப் பாலத்தைத் தாண்டியதும் அமெரிக்க எல்லையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினார். எங்கே போகிறீர்கள் என்றார். அத்தான் சொன்னார். ஏன் என்றார். "ஹலோவீன்" என்றார் அத்தான். பழங்கள், மரக்கறிகள், செடிகொடிகள் ஏதாவது இருக்கிறதா என்றார். "நோ சேர்" என்றார் அத்தான், கொஞ்சமும் தயங்காமல்.

"லைம்!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சேர், லைம் ஹாவ்! மெனி லைம்!"

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மாமி அமைதியாக இருந்தா.

"விரதத்தில பொய் சொல்லக்கூடாது" என்றா.

வானை ஓரமாக நிறுத்தச் சொல்லி, எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கையுறை போட்ட இன்னொரு அதிகாரி மேசையில் பைகளைத் திறந்தார். முதல் தேசிக்காயை எடுத்தார், கையுறை சிவப்பானது. அடுத்ததாக விபூதிப் பொட்டலம். கற்பூரம். வேப்பிலை. செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்துக் கட்டிய முடிச்சு. பிறகு எங்கள் பையைத் திறந்தார். கறுப்பு அங்கி, கூர்த்தொப்பி, விளக்குமாறு. கடைசியாக என் வால்.

"இது யாருடையது?"

கையை உயர்த்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு தாழ்மையாக நான் கையை உயர்த்தியதில்லை.

அவர் மேசையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நீங்கள் எல்லோரும் சூனியக்காரர்களா என்று சிந்துவிடம் கேட்டார். சிந்து அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"சீ! நாங்கள் அவையளுக்கு எதிர்ப்பக்கம் எண்டு சொல்லு பிள்ளை."

சிந்து முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த மனிதர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்து, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அவரும் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

நல்ல மனிதர்கள். எங்கள்மேல் ஒரு பிழையும் எழுதவில்லை. ஆனால் தேசிக்காயும் வேப்பிலையும் எல்லை தாண்டக்கூடாது, இந்தத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், அல்லது அவற்றோடு திரும்பிப் போகலாம் என்றார்கள். அது குப்பைத் தொட்டி.

"முருகன்ர காலடியில வைச்சதை இவங்கட குப்பைக்குள்ள போடுறதோ?" மாமி பையை நெஞ்சோடு அணைத்தா. "நான் மாட்டன். திரும்புவம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிந்துவும் பார்த்தாள். நான் பேசவேண்டிய நேரம் அதுதான். தொண்டையைச் செருமினேன்.

"மாமி, அமெரிக்காவிலையும் தேசிக்காய் விக்கும்..."

"பூசை வைச்சு விப்பினமோ தம்பி?"

அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அந்தப் பழக்கம் வரவேண்டிய நேரத்தில் வராது, வரக்கூடாத நேரத்தில் வந்துவிடும்.

பாலத்தின் மறுபக்கம் கனேடிய அதிகாரி, எவ்வளவு காலம் அமெரிக்காவில் இருந்தீர்கள் என்று கேட்டார். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்றார்.

"லைம்!" என்றா மாமி.

திரும்பும் வழியில் வானுக்குள் வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. மாமா, வந்ததுக்கு நீர்வீழ்ச்சியையாவது பார்த்துவிட்டுப் போவோமா என்று மெல்லக் கேட்டார். அத்தான் வானை நேராக விட்டார். சிந்து கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு பேயைப் பாக்கேலாமல் போச்சு எண்டோ பிள்ளை அழுறாய்?" என்றா மாமி, பாவமாக.

"பேய் இல்லை அம்மா!" சிந்து வெடித்தாள். "அங்க ஒரு விட்சும் இருக்கேல்லை. ஒராளும் விட்ச் இல்லை. சும்மா ஊர்ச்சனம். வயசான ஆக்கள், ஏழையள், ஆரோடையும் ஒத்துப்போகாத பொம்பிளையள். அவையைத்தான் விட்ச் எண்டு தூக்கில போட்டது. ஐ ஜஸ்ட் வான்டட் டு சீ தெயர் நேம்ஸ்."

மாமி மடியில் இருந்த பையை இறக்கி வைத்தா.

"ஆர் காட்டிக் குடுத்தது?"

"கொஞ்சப் பெட்டையள். அவை கையைக் காட்டினா, பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

"தலையாட்டியள்" என்றா மாமி.

கனடாவில் பிறந்த சிந்துவுக்கு அது விளங்கவில்லை. மாமி சொன்னா. முந்தி எங்கள் நாட்டில் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும்போது ஊரையே வரிசையில் நிறுத்துவார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தன் ஆமிக்காரனுக்குப் பக்கத்தில் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டு போய்விடுவார்கள். மாமியின் சின்னண்ணன் அப்படிப் போனவர்தான். சிந்துவுக்கு ஒரு மாமா இருந்து காணாமல் போனார் என்பது தெரியும், எப்படி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். அத்தான் வானொலியை நிறுத்தினார்.

"உதை முதலே சொல்லியிருந்தா நான் ஏன் தேசிக்காய் கொண்டு வாறன்?" என்றா மாமி, கண்ணைத் துடைத்தபடி. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தா. "தம்பி, நீங்கள் ஆவி உலாவுது எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

மாமா பார்த்தார். அக்கா பார்த்தாள். அத்தான் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். சேலத்தில் அந்தக் காலத்தில் விசாரணைக்கு நின்றவர்களின் நிலைமை எனக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது.

அடுத்த வருடம் ஹலோவீன் அன்று வேலை முடிந்து வருகிறேன், வீட்டில் ஆளில்லை. போனில் சத்தம் கேட்டது. ஒரு படம் வந்திருந்தது. சேலத்தில், பெயர் செதுக்கிய ஒரு கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒன்று சிந்து. மற்றது மாமி. மாமியின் தலையில் கூர்த்தொப்பி, அதற்குக் கீழே நெற்றி நிறைய விபூதி.

உடனே மாமிக்கு போன் எடுத்தேன். "என்ன மாமி, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொன்னா அக்காவுக்குச் சொல்லுவியள், அவ அத்தானுக்குச் சொல்லுவா, பிறகு வான் வரும். பிள்ளை தனியத்தானே போக ஆசைப்பட்டது? நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் பிளேனில வந்திட்டம்."

"தேசிக்காய்க்கு என்ன செய்தனீங்கள்?"

"இஞ்ச கடையில வாங்கினனான்."

"பூசை?"

"முருகன் இஞ்சையும் இருக்கிறார்தானே தம்பி. பாவம், ஒண்டும் செய்யாத சனம். ஒரு கற்பூரம் கொளுத்தி எல்லாற்ற பேரையும் பிள்ளை வாசிச்சவள். என்ர அண்ணன்ர பேரையும் சேத்துச் சொன்னனான்." பிறகு கேட்டா. "தொப்பி நல்லா இருக்கோ?"

நல்லாத்தான் இருந்தது. சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் என்னிடம் பயணம் சொல்வதில்லை. அக்கா ஆக்கள் கியூபாவுக்குப் போய்வந்ததை வெயிலில் கறுத்த அத்தானின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். நான் அறைக்குள் வந்தால் பேச்சு நின்று, எல்லோரும் வெண்டிக்காய் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். போன மாதம் காலை வேலைக்கு வெளிக்கிடும்போது சிந்துவும் மாமியும் ஆளுக்கொரு சூட்கேசோடு வாசலில் நின்றார்கள். கையில் பாஸ்போர்ட்.

"எங்கை வெளிக்கிட்டுட்டியள்?" என்றேன்.

"கடைக்கு, தம்பி" என்றா மாமி.

அப்படியென்றால் பாலும் வாங்கிக்கொண்டு வரச்சொன்னேன். ஞாபகமாக வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள், அடுத்த கிழமை.