மரபு கையெழுத்துப் போட்ட ஆல்பம்

ஒரு காட்டில், பாட்டுப் பதிவு அலுவலகம் திறந்து மூன்று வருடம் ஆகியிருந்த சமயத்தில், வேலம்மாள் என்கிற முள்ளம்பன்றி தன் முதல் ஆல்பத்தைப் பாடி முடித்தாள்.

கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கதைப்பாட்டுப் பாடியே பாதி ஆயுள் போனவள் அவள். ஆல்பத்தில் பத்துப் பாட்டு. வெள்ளத்தை மறித்து நின்ற எருமையின் கதை, ஏழு அண்ணன்மார் தேடி அலைந்த குயிலின் கதை என்று ஆறு பாட்டு, காட்டில் எல்லாரும் வழிவழியாகப் பாடுகிறவை. மீதி நான்கு அவளே கட்டியவை. அதில் ஒன்று அவள் புருஷன் சங்கிலியைப் பற்றியது. கடலைக்கொல்லை மின்வேலியில் சிக்கி அவன் செத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பதினாறாம் நாள் வளைக்குள் தனியாக உட்கார்ந்து அதைப் பாட்டாகக் கட்டினாள். பிறகுதான் அழ முடிந்தது. ஆல்பம் போடும் ஆசை வந்ததே அந்த ஒரு பாட்டால்தான். சங்கிலி பெயர் காட்டில் தங்கட்டும் என்று நினைத்தாள்.

பங்குனித் திருவிழாவில் வெளியீடு. அதற்குள் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். மூன்று நாள் வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் மட்டும் நாலடி தள்ளி நின்றார்கள். குமாஸ்தா தணிகாசலம் ஓர் உடும்பு. ஒரு பேச்சைப் பிடித்தால் விடமாட்டார். படிவத்தில் 'எழுதியவர்' என்ற இடத்தில் நான்கு பாட்டுக்குத் தன் பெயரையும் ஆறு பாட்டுக்கு 'மரபு' என்றும் எழுதிக் கொடுத்தாள். உடும்பு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மரபு என்பவர் எங்கே என்று கேட்டார். மரபு என்றால் ஆள் இல்லை, காலங்காலமாக வருவது என்று அவள் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது சரிம்மா. அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அப்படி ஒருத்தர் இல்லைங்கய்யா."

"இல்லைன்னா இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க."

பிறக்காதவருக்கு அதை எங்கே வாங்குவது என்று கேட்டதற்கு, பக்கத்து ஜன்னல் என்றார். பக்கத்து ஜன்னல் மூடியிருந்தது.

அடுத்து நடந்தது வேலம்மாளின் யோசனை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கதைகளில் இந்த மாதிரிக் காரியங்களை நரி தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. அவள் வளைக்கு அடுத்த வளையில் இருந்த நரி சுடலைக்கண்ணு நல்ல மாதிரி. சங்கிலியை வேலியிலிருந்து மீட்டு வீடு கொண்டுவந்து சேர்த்தவர். அவரிடம் போய், பெயரை மரபு என்று மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அப்பா வைத்த பெயராயிற்றே என்று அவர் தயங்கினார்.

"நான் ஒரு பாட்டும் எழுதினதில்லையே தங்கச்சி."

"மரபும்தான் எழுதினதில்லைண்ணே."

அவர் தலையாட்டிவிட்டு அவளோடு கிளம்பினார். பெயர் மாற்றத்துக்கு ஒரே படிவம், இரண்டே நாளில் கிடைத்தது. மரபு அலுவலகத்துக்கு வந்து ஆறு கையெழுத்துப் போட்டார். உடும்பு எழுந்து நின்று கைகொடுத்தார்.

வெளியீட்டுக்குக் காடே திரண்டது. பழைய பாட்டுகளை எல்லாரும் கூடவே பாடினார்கள். சங்கிலி பாட்டு வந்ததும் திடல் அடங்கிவிட்டது. யானைகள் தும்பிக்கையால் முகத்தை மூடிக்கொண்டன. பாட்டு முடிந்ததும் கூட்டம் வேலம்மாளைத் தாண்டிப்போய் மரபைச் சூழ்ந்துகொண்டது. இத்தனை காலம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டு மாலை போட்டது. இவ்வளவு நல்ல பாட்டை நம்மோடு வரிசையில் நிற்கிற வேலம்மாளா கட்டியிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். நரி மேடையேறி, அது தன் பாட்டு இல்லை, தனக்கு ராகம்கூடத் தெரியாது என்று சத்தியம் செய்தார். என்ன அடக்கம் பாருங்கள் என்று இன்னொரு மாலை போட்டார்கள்.

மறுவாரமே, சங்கிலி பாட்டில் எழுதியவர் பெயர் தவறாக இருக்கிறது, மரபு என்று திருத்துங்கள் என்று அலுவலகத்துக்கு மனுக்கள் குவிந்தன. உடும்பு இருவரையும் வரச்சொன்னார். அது வேலம்மாள் பாட்டுத்தான் என்று நரி எழுதியே கொடுத்தார். உடும்பு அதை இரண்டு முறை படித்தார்.

"மரபு எப்பவும் தன் பேரைச் சொல்லிக்காது. இவரும் சொல்லிக்க மாட்டேங்கிறார். இதைவிட என்னம்மா அத்தாட்சி வேணும்?"

முத்திரை விழுந்தது. அவள் கட்டிய மற்ற மூன்று பாட்டும் என்ன ஆகும் என்று வேலம்மாள் கேட்டாள். அவற்றைப் பற்றி யாரும் மனுக் கொடுக்கவில்லை, அவை நிரந்தரமாக உங்களுடையவைதான் என்றார்.

திரும்பும் வழியில் நரி வாய்விட்டு அழுதார். பழைய பெயருக்கே மாறிக்கொள்வதாகச் சொல்லி மறுநாள் போனார். அதற்கு சுடலைக்கண்ணு என்பவர் நேரில் வந்து சம்மதம் தர வேண்டும் என்றார்கள். வேலம்மாள் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பாடுவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவந்தாள்.

ஆடி மாதம் செண்பகம் என்கிற புள்ளிமானின் புருஷன் மாசாணம் அதே வேலியில் போய்விட்டான். வேலம்மாள் துக்கத்துக்குப் போனபோது அங்கே பெண்மான்கள் கூடி சங்கிலி பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். சங்கிலி என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் மாசாணம் என்று பாடினார்கள். மூன்றாவது அடியில் ஒரு சொல்லே தப்பு. திருத்துவதற்காக வேலம்மாள் வாயைத் திறந்தாள். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த செண்பகம் அந்த அடியில்தான் உடைந்து கதறினாள்.

அடுத்த சுற்றில் வேலம்மாளும் கூடச் சேர்ந்து, தப்பான சொல்லோடு, மாசாணம் என்றே பாடினாள்.

நீதி: காட்டில் உங்கள் பெயர் நிலைக்க வேண்டுமானால், சுமாராகப் பாடுங்கள்.