மேனேஜர் வராரு!

"ஆ காட்டு... என் தங்கம்ல... ஒரே ஒரு வாய்!"

தங்கம் ஆ காட்டவில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

அம்மாவின் ஒரு கையில் கிண்ணம். இன்னொரு கையில் பாதி பின்னிய சடை. ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது, இன்னொன்றைக் காணவில்லை. காணாமல்போனதை எங்கே ஒளித்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. பொருத்தம் பார்த்து வைத்த பெயர்.

வாலுவின் அப்பா பஸ் டிரைவர். ஊரை எழுப்பும் முதல் பஸ்ஸே அவருடையதுதான். ஆகவே காலைப் போர் முழுவதும் அம்மா தலையில்.

ஆரம்பத்தில் அவளும் எல்லோரையும் போலப் பூச்சாண்டியைத்தான் கூப்பிட்டுப் பார்த்தாள். "பூச்சாண்டிக்கும் மம்மு" என்று வாலு பாதிச் சாப்பாட்டைத் தரையில் எடுத்து வைத்தது. போலீஸைக் கூப்பிட்டாள். வாலு வாசலுக்கு ஓடிப்போய் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றது.

அப்புறம் ஒரு நாள் காலையில் போன் அடித்தது. திரையில் 'மேனேஜர்' என்று வந்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த வாலுவின் வாய் பயத்தில் தானாகத் திறந்தது. திறந்த வாயில் ஒரு கவளத்தைத் தள்ளிய அம்மாவுக்கு அன்றைக்கு ஞானம் பிறந்தது.

அதிலிருந்து எல்லாமே, "மேனேஜர் வராரு!" பல் தேய்க்க மேனேஜர், சட்டை போட மேனேஜர், கிளம்ப மேனேஜர். இதற்கு அவள் நடிக்க வேண்டியதே இல்லை. நிஜமாகவே அவருக்குப் பயந்துதான் செத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மெத்தை கம்பெனியில் வேலை. தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு. போன வாரம் தாமதமாகப் போய் நின்றபோது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா நாம உக்காந்து பேசணும்" என்றார். அந்தக் கம்பெனியில் 'பேசணும்' என்பது சாதாரண வார்த்தை இல்லை. முன்னே பேக்கிங் பிரிவுக்காரரிடம் அப்படித்தான் சொன்னார். பேசினார்கள். மறுநாள் பேக்கிங்கில் வேறு ஆள் இருந்தார்.

அந்த வாரத்திலிருந்து மேனேஜர் தினமும் காலையில் போன் வேறு செய்தார். அவள் எடுக்கவே இல்லை. எடுத்தால்தானே பேசணும்? ஆனால் வேலை போய்விட்டால் குடும்ப வண்டி ஒற்றைச் சக்கரத்தில்தான் ஓடும்.

இன்றைக்கும் நேரம் பறந்துகொண்டிருந்தது.

"வாலு, மேனேஜர் வராரு!" என்றாள். அவசரத்தில் குரல் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது.

வாலு வீலென்று அலறிக்கொண்டு ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்தது. சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டது.

"வெளிய வாடி கண்ணு."

"மாத்தேன். மேனேச்சர்!"

அம்மா குனிந்து கையை நீட்டினாள். எட்டவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு, போனும் கையுமாகப் படுத்து உள்ளே ஊர்ந்தாள். தலையும் தோளும் போயின, இடுப்பு கட்டில் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. இத்தனை நாள் பெருக்காமல் விட்ட தூசி மொத்தமும் கண்ணுக்குள் இறங்கியது. அந்த நேரம் பார்த்துக் கையிலிருந்த போன் அடித்தது. கட்டிலுக்கு அடியில் இருட்டெல்லாம் வெளிச்சமானது.

மேனேஜர்.

"வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று வாலு கதறியது. அம்மாவும் கூடவே கதறியிருப்பாள், தூசி விடவில்லை. பதறிப்போய் விரலால் எதையோ அழுத்தினாள். போன் நின்றது. மேனேஜரின் அழைப்பைத் துண்டித்துவிட்டோம் என்பது அதன் பிறகுதான் புரிந்தது.

"மேனேஜர் வரல கண்ணு. போயிட்டாரு."

"நெஜம்மா?"

"நெஜம்மா. இனிமே வரவே மாட்டாரு."

"எங்க போயித்தாரு?"

எங்கே என்று சொல்வது? கண்ணில் தூசி, இடுப்பில் கட்டில். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மேல! மேல போயிட்டாரு. போதுமா?"

போதுமாக இருந்தது. வாலு சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. ஒளித்து வைத்த செருப்பைக்கூட எடுத்துக் கொடுத்தது.

குழந்தைகள் காப்பகத்தில் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அம்மாவின் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

"அப்புறம் சொல்றேங்க்கா" என்று குழந்தையைக் கையில் திணித்துவிட்டு அம்மா பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் சொல்லாததை வாலு சொன்னது. "மேனேச்சர் மேல போயித்தாரு."

காப்பகத்து அக்காவின் வீட்டுக்காரர்தான் மெத்தை கம்பெனி வாட்ச்மேன். அக்கா போனை எடுத்தாள்.

பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நிதானமாகப் போனது. அவள் வந்து சேர்ந்தபோது தாமதம் என்று சொல்வதற்குக்கூடத் தாமதமாகியிருந்தது. வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்கம்மா. உங்களுக்குத்தான் முதல்லயே தெரியுமே. மேனேஜர் போயிட்டாரு."

"எங்க?"

அவர் ஒரு விரலை மேலே காட்டினார்.

முதலில் அவளுக்குத் தோன்றியது, 'அப்போ நான் லேட்டுன்னு யாரும் கேக்க மாட்டாங்க' என்பதுதான். தோன்றிய மறுகணமே வெட்கமாக இருந்தது. அதற்கும் மறுகணம் காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. வாய் முகூர்த்தம்! நாக்கில் சனி உட்கார்ந்து சொல்ல வைத்துவிட்டதே! கட்டிலுக்கு அடியில் அவள் சொன்னாள், இங்கே பலித்துவிட்டது. நல்ல மனுஷனை வாயாலேயே கொன்றுவிட்டோம் என்று நினைத்தாள். நேற்றுவரை அவரை நல்ல மனுஷன் என்று அவள் நினைத்ததில்லை.

உள்ளே மெத்தை அடுக்குகளுக்கு நடுவே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மௌனமாக நின்றார்கள். பில்லிங் அக்கா மட்டும் விசும்பினாள். அம்மா வாட்ச்மேனோடு போய்க் கடைசி வரிசையில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். 'சார், மன்னிச்சுடுங்க. குழந்தை சாப்பிடணும்னுதான் சொன்னேன்' என்று மனசுக்குள் முறையிட்டாள்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். மூச்சு வாங்கியது.

"யாரும்மா போனது?" என்று ஒரு கிசுகிசுப்பு.

"மேனேஜர்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"எந்த மேனேஜர்?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். தினமும் கனவில் வரும் குரல். ஒற்றைக் கண்ணை மட்டும் மெதுவாகத் திறந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, மரியாதையாக நின்றிருந்தார்.

"நீ... நீங்கதான் சார்."

"நான்தான் கேக்கறேன். போனது யாரு?"

"நீங்கதான் சார்!"

பில்லிங் அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் மற்றவர்கள் கண்ணைத் திறந்தார்கள். மூன்று பேர் வாசலுக்கு ஓடினார்கள். பில்லிங் அக்கா மயங்கி விழுந்தாள். நல்லவேளை, மெத்தை கம்பெனி.

தண்ணீர் தெளித்து, தொட்டுப் பார்த்து, ஆள் அசல்தான் என்று முடிவான பிறகு விசாரணை நடந்தது.

"யாரு கிளப்பிவிட்டது இதை?" என்றார் மேனேஜர்.

"என் வீட்டம்மா சொன்னா சார்" என்றார் வாட்ச்மேன். "அவளுக்கு இவங்க பாப்பா சொல்லுச்சாம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார்.

"ரூமுக்கு வாங்க" என்றார். "உக்காந்து பேசணும்."

அந்த அறைக்கு நடந்துபோனது அவளுக்கு நினைவே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வாரமா போன் பண்றேன். எடுக்க மாட்டேங்கறீங்க. இன்னைக்கு கட்டே பண்ணிட்டீங்க."

"சார், வேலையை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க சார். காலைல குழந்தையோட நான் படற பாடு..."

"அது இருக்கட்டும். இது இன்னும் யாருக்குமே தெரியாது. உங்க பாப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எது சார்?"

"நான் மேல போறது."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹெட் ஆபீசுக்கும்மா. பெரிய பதவி. இப்போ அங்க போயிட்டுத்தான் வரேன். இந்த இடத்துக்கு உங்க பேரைச் சொல்லியிருக்கேன். உங்க கண்ணுல தப்பின தையல் கிடையாது. நேரத்துக்கு வரதுதான் பிரச்சனை. இனிமே உங்களை யாரு கேக்கப்போறாங்க? உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கத்தான் தினம் போன் பண்ணேன்."

அவள் அழுதாள். இந்தத் தடவை தூசி இல்லை.

சாயங்காலம் வாட்ச்மேன் அவளுக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தார். வைத்துவிட்டு உடனே போனை எடுத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டார். அம்மா சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் ஒரே எண்ணம். தான் இத்தனை நாள் வீணாகப் பயந்ததோடு, ஒன்றும் அறியாத குழந்தையையும் சேர்த்துப் பயமுறுத்தியிருக்கிறோம். போதும். இனிமேல் வாலு எதற்கும் பயப்பட வேண்டாம். ஒரு வாய் குறைந்தால் குறையட்டும். கதை சொல்லி, கொஞ்சி, மடியில் வைத்து ஊட்டிக்கொள்ளலாம்.

காப்பக வாசலில் அக்காவின் இடுப்பில் வாலு உட்கார்ந்திருந்தது. அம்மாவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது. அவளும் கையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

அக்கா வாயெல்லாம் பல்லாகக் குழந்தையின் காதில் சொன்னாள்:

"வாலு, அங்க பாரு யாரு வராங்கன்னு! இனிமே உங்கம்மாதான் மேனேஜர்!"