கரையில் அறுபது மாடுகள்

"உங்க கம்ப்யூட்டர் கணக்குல ஓடையில சொட்டுத் தண்ணியே காணோமேம்மா!" என்றார் மேலாளர். "அங்க அளக்கறதுக்குன்னு நாம வெச்சிருக்கிற ஓடைக்காரர் தினமும் அளந்து, தண்ணியில உரம் லிட்டருக்குப் பன்னெண்டு மில்லிகிராம்னு சொல்றாரு. சாயங்காலத்துக்குள்ள ரெண்டும் பொருந்தலேன்னா, இந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

வயலில் போட்ட உரம் மழையில் கரைந்து எவ்வளவு ஓடையில் கலக்கும் என்று கணினியில் கணிப்பது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு 'மழை மேடம்' என்று பெயர். பெயர் வைத்ததோடு சரி, யாரும் வந்து பேசுவதில்லை.

வேலை போனால் போகட்டும். ஓடைக்காரருக்குப் போன் செய்யும் சாக்கும் அல்லவா போய்விடும்? பல நாட்களில் அவள் வாய் திறந்து சொல்லும் முதல் சொல்லே அவரிடம் சொல்லும் "அண்ணா"தான்.

கணினியில் கொஞ்சம் மழை பெய்யவிட்டாள். ஓடை வந்தது, கூடவே இரண்டு ஊர்கள் மூழ்கின. மழையைக் குறைத்து உரத்தை இரட்டிப்பாக்கினாள். அளவு தொண்ணூறைத் தாண்டியது. அந்தத் தண்ணீரில் மீன் என்ன, மீன் பிடிக்கிறவனே பிழைக்க மாட்டான். உரத்தை அடியோடு நிறுத்திவிட்டு, சாணமே போதும் என்று கரையில் நாற்பது மாடுகளை மேயவிட்டாள்.

பன்னிரண்டு!

உடனே போன் செய்தாள்.

"அண்ணா, இன்னிக்கு எவ்வளவு?"

"பதினேழு மேடம்."

"நேத்து பன்னெண்டுதானே?"

"தண்ணியாச்சே மேடம், நம்ம பேச்சையா கேக்கும்?"

"கரையில மாடு ஏதாவது மேயுதா?"

"எத்தனை வேணும் மேடம்?"

அவள் சிரித்துவிட்டாள். காலி அறையில் அது வேறு யாரோ சிரித்ததுபோல் கேட்டது.

"சாப்டீங்களா?" என்றார் அவர்.

"இன்னும் இல்லண்ணா."

"முதல்ல சாப்பிடுங்க."

சாப்பிடாமலே இன்னும் இருபது மாடுகளை ஓட்டிவந்தாள். பதினேழு. இரண்டு கோடுகளும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. மேலாளர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பொருந்திவிட்டது. இனி அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. அதைச் சொல்லவாவது ஒருமுறை பேசலாமே என்று மறுபடி போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண்.

"மாமா குளிக்கிறாருங்க. நான் மருமக. மழை மேடமா?"

"ஆமாம்மா. நாளையிலேர்ந்து அளக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. கணக்கு பொருந்திடுச்சு."

"அளக்கவா? ஓடை வத்தி ரெண்டு மாசம் ஆச்சுங்க. அதைச் சொன்னா நீங்க போன் பண்றதை நிறுத்திடுவீங்கன்னு மாமாதான் தினம் ஒரு நம்பர் யோசிச்சு வெச்சுக்கிறாரு!"