அப்பச்சியின் காலும் இரண்டு செங்கல்லும்

நாலு எழுத்து படித்தவனுக்கு வாய் நீளும். மதுரையில் பி.ஏ. படித்த எனக்கு அது காரைக்குடியில் ஆரம்பித்துத் தேவகோட்டை வரை நீண்டிருந்தது.

அந்த வருஷம் என் அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காலில் புண் புரையோடிவிட்டது. அறுக்காவிட்டால் கால் போய்விடும். குளோரோபாரம் கொடுத்தால் ஆளே போய்விடுவார். இதயம் அவ்வளவு பலவீனம். மதுரையிலிருந்து வந்த டாக்டர் வேறு வழி சொன்னார். முதுகில் ஓர் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆள் முழித்தே இருப்பார்.

"மருந்து பாகு மாதிரி கனம், தம்பி. தலை தாழ்ந்தா நெஞ்சுப் பக்கம் ஓடிரும். தலைமாட்டுல மேசைக் காலுக்கு ஒவ்வொரு செங்கல் வச்சிருங்க."

வீட்டு மேசையில்தான் அறுவை. வைத்தேன். ஆத்தா எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, தலை வடக்கயில்ல வருது?"

"திசைக்கும் உசுருக்கும் சம்பந்தமில்ல ஆத்தா. இது சயின்சு." (நான் படித்தது சரித்திரம்.)

மறுநாள் காலை டாக்டர் கை கழுவப் போனதும் எனக்கு ஆத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. வடக்கு. ஒருவேளை? யாரும் பார்க்காமல் தலையணையைத் தெற்கு முனைக்கு மாற்றினேன். செங்கல் வடக்கிலேயே இருந்தது.

உட்காரவைத்து ஊசி போட்டார்கள். படுக்கவைத்ததும் அப்பச்சி கேட்டார்: "டாக்டரே, ரத்தமெல்லாம் மண்டைக்கு வருதே, இதுவும் வைத்தியமா?"

"ஐயோ, தலையைத் தூக்குங்க!"

மேசைக்கடியில் பாய்ந்து முதுகால் முட்டித் தூக்கினேன். மேசை பர்மா தேக்கு. அப்பச்சியும் ஏறக்குறைய தேக்குதான்.

"போதும்! அசையாத! அப்படியே நில்லு!"

செங்கலை மாற்றிவைக்க ஆளில்லை. கை கழுவியவர்கள் தரையைத் தொடக்கூடாதாம், மற்றவர்கள் உள்ளே வரக்கூடாதாம். முக்கால் மணி நேரம் மேலே கத்தி, கீழே நாலு காலில் நான்.

"நாடி?" என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் என் நாடி நின்றது. "ஓடுது சார்" என்று கம்பவுண்டர் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டேன்.

"அடியில யாருடா?"

"நாந்தான் அப்பச்சி."

"தலகாணிய மாத்துனது?"

"...நாந்தான்."

"அப்ப வடக்கு உனக்கும் பயந்தானா!"

"சிரிக்காதீக, உடம்பு குலுங்குது!" என்று டாக்டர் அதட்டினார்.

அப்பச்சியின் இதயம் அசரவே இல்லை. காலும் தப்பியது. எனக்குப் பெண் பார்க்கப் பள்ளத்தூருக்கு அதே காலால் நடந்து படியேறினார். "பி.ஏ.வா?" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"அதை விடுங்க. என் தலைக்குச் செங்கலா நின்னவன்."

இன்றும் வீட்டு விசேஷத்தில் நான் நுழைந்தால், "செங்கல் வந்துருச்சு, மேசையத் தூக்கச் சொல்லு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

தூக்குகிறேன்.